கேனில் தண்ணீர் இருக்கிறதா? கேரக்டர் அனிமேஷன் பழக வரும் மாணவர்களுக்கு

பெங்களூரில் அனிமேஷன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி இது: ஓர் ஆள் குனிந்து, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும். இரண்டு நாள் மெனக்கெட்டேன். விரல் நுனிவரை அசைவு கொடுத்தேன், கண்ணைக்கூடச் சிமிட்டவைத்தேன். சீனியர் தர்மபுரிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல தண்ணி இருக்கா, காலி கேனா?” என்றார்.

“ஃபுல் கேன்தாண்ணா.”

“அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது.”

அவ்வளவுதான், தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் எங்கள் வீட்டு மாடிக்கு நாலைந்து பேர் பழக வருகிறார்கள். அனிமேஷன் கல்லூரியில் படிப்பவர்களும் உண்டு, பி.காம். படித்துக்கொண்டே இதைத் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. வந்ததும் எல்லாரும் கேட்பது எந்த சாஃப்ட்வேர் கற்பது என்றுதான். நான் சொல்வது, முதல் ஆறு மாதம் பாரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. உடம்புக்கு எடை இருக்கிறது, கையில் பிடித்திருப்பதற்கும் எடை இருக்கிறது என்று பார்ப்பவர் நம்பிவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல வந்து சேரும். அதற்கு நான் வைத்திருக்கும் வரிசை கீழே.

வாங்குவதற்கு முன்

பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் இலவசம். அதை வைத்துத் தொடங்குங்கள். பெரிய ஸ்டூடியோக்களில் மாயா என்ற சாஃப்ட்வேர்தான் அதிகம். மாணவர் என்று காட்டினால் மாயாவைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஓராண்டு உரிமத்தைக் காசில்லாமல் தருகிறது, படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். அதைப் படிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், அதில் காசுக்கு வேலை செய்யக் கூடாது. எதில் பழகினாலும் பந்து ஒரே மாதிரிதான் விழும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு மாதம் போதும்.

கணினிக்கு 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. ஆனால் இங்கே சொல்லப்போகும் பயிற்சிகள் 8 ஜிபியிலும் ஓடிவிடும். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பிளெண்டரின் ஜிப் கோப்பை ஒரு பென்டிரைவில் விரித்துப் போட்டுக் கொண்டுபோங்கள். அதை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, கடையிலேயே திறந்து ஒரு பொம்மையைச் சுழற்றிப் பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. அப்புறம், மூன்று பட்டன் மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். டிராக்பேடில் 3டி வேலை செய்வது தண்டனை.

கட்டணம் கட்டிச் சேரும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் ஒட்டியிருக்கும் வேலைவாய்ப்புப் போஸ்டரைப் பார்க்காதீர்கள். போன வருட மாணவர்கள் செய்த நடை, ஓட்டம், பந்துப் பயிற்சிகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடலாம். நான் படித்த ஓர் இடத்தில் எட்டு மாதம் மெனு மெனுவாகப் பட்டன்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மத்தியானம், அதிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை.

வேடிக்கை பார்க்கும் வேலை

முதல் வாரம் கணினியே வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வோர் ஆளையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவருடைய எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது?

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இரண்டு காலிலும் சமமாக நிற்பதே இல்லை. ஒரு காலில் சாய்வார், அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், தோள் அதற்கு எதிராக இறங்கும். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவுக்கு இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருக்கும், தலை மறுபக்கம் போகும். கே.ஆர். மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்கிப் போகிறவரைப் பாருங்கள். தலை ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போகும், அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் முழங்கால்கள் வாங்கிக்கொள்ளும். குச்சி மனிதனாக, ஐந்தே கோடுகளில் வரைந்துவையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, இடுப்புக்கோடும் தோள்கோடும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது தெரிந்தால் சரி.

எங்கள் பகுதி சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்காரம்மாக்கள் மல்லிகையை முழம் போடுவதை நான் இன்னும் நின்று பார்ப்பேன். முழங்கை முதலில் நகரும். மணிக்கட்டு ஒரு கணம் பிந்தும். சரம் அதற்கும் பின்னால் வளைந்து வந்து, கை நின்ற பிறகு ஒருமுறை ஆடி அடங்கும். அனிமேஷன் வகுப்பில் ஓவர்லேப் என்ற பெயரில் ஒரு வாரம் நடத்தும் பாடம், அங்கே ஒரு முழத்தில் முடிந்துவிடும்.

தெரியாதவர்களைப் போனில் படமெடுக்காதீர்கள், நோட்டில் எழுதுங்கள். வீடியோ வேண்டுமானால் நீங்களே நடித்து எடுங்கள். போனை அசையாமல் வைத்து, தலையிலிருந்து பாதம்வரை தெரிகிறமாதிரி பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. இதில் ஒரு கண்ணி உண்டு. போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில், அதாவது 30 தனிப்படங்களாக எடுக்கும், நாம் வேலை செய்வதோ 24-இல். மாற்றாமல் ஃப்ரேமை எண்ணினால் எல்லாம் மந்தமாகிவிடும்.

பந்து

சிரிக்காதீர்கள். பந்தைச் சரியாகத் துள்ளவைக்கத் தெரிந்தவருக்கு அனிமேஷனில் கால்வாசி தெரியும்.

கணினி இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் தொடங்கலாம். 1956-இல் டிஸ்னியிலிருந்து கிளேர் வீக்ஸ் பம்பாயில் அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஓவியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது இருந்ததெல்லாம் தாளும் பென்சிலும்தான். நோட்டின் ஓரத்தில் தாளுக்கு ஒரு பந்தாக வரைந்து, கட்டைவிரலால் விர்ரென்று புரட்டுங்கள்.

இரண்டு சொற்கள் இங்கே புரிந்தாக வேண்டும். ஒரு செயலுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது டைமிங். அந்த ஃப்ரேம்களுக்கு நடுவே பொருள் எவ்வளவு எவ்வளவு நகர்கிறது என்பது ஸ்பேசிங். புதியவர்கள் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். பாரம் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கையிலிருந்து நழுவிய பொருள் 6 ஃப்ரேமில் 1 அடி விழும். 12 ஃப்ரேமில் 4 அடி, 18-இல் 9 அடி, 24-இல், அதாவது ஒரு முழு நொடியில், 16 அடி. ஒவ்வொரு 6 ஃப்ரேமிலும் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 அடி என்று ஒற்றைப்படையில் ஏறும். புவியீர்ப்பின் கணக்கு இது. காற்றில் மிதக்கும் பலூனையும் இறகையும் தவிர்த்தால் கிரிக்கெட் பந்துக்கும் தேங்காய்க்கும் ஒரே கணக்குதான். “கனமான பந்து, அதனால் வேகமாக விழவைத்தேன்” என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள். கனம் தெரிவது தரையில் பட்ட பிறகு. கிரிக்கெட் பந்து கொஞ்சம் எழும்பி அடங்கிவிடும், ரப்பர் பந்து துள்ளிக்கொண்டே இருக்கும்.

சரி, செய்துபார்ப்போம். 4 அடி உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். ஃப்ரேம் 1-இல் மேலே, 13-இல் தரையில். அடுத்த துள்ளல் கால்வாசி, அதாவது 1 அடி எழும்புகிறது என்றால் மேலே போக 6, இறங்க 6. ஆக 19-இல் உச்சி, 25-இல் மறுபடி தரை. உயரம் கால்வாசி ஆனால் நேரம் பாதியாகும். அதற்கடுத்த துள்ளலும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

இனி அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறங்கள். பந்து தரையைத் தொடும் இடம் ஆங்கில வி எழுத்துபோலக் கூர்மையாக இருக்க வேண்டும், உச்சி குடைபோல உருண்டிருக்க வேண்டும். பிளெண்டர் தானாகத் தரும் வளைவில் தரைப் புள்ளியும் உருண்டுவிடும். அப்படியே விட்டால் பந்து தரைக்கு வருமுன் பிரேக் போட்டு, பஞ்சு மெத்தையில் இறங்குவதுபோல் தெரியும். தரைப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் ஹேண்டிலை, அதாவது வளைவைத் திருப்பும் பிடியை, வெக்டார் வகைக்கு மாற்றுங்கள். முன்னால் நகரும் வேகம் தனிக் கோடு. அதை நேர்கோடாக விடுங்கள், கடைசியில் உருண்டு நிற்கும்போது மட்டும் வளையட்டும்.

பந்தை நசுக்கி நீட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். ரப்பர் பந்துக்குச் செய்யுங்கள். கிரிக்கெட் பந்து நசுங்கினால் அது கிரிக்கெட் பந்து இல்லை. டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் 12 கோட்பாடுகளை எழுதிவைத்தார்கள், நசுக்கி நீட்டுவது அதில் ஒன்று. பன்னிரண்டையும் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிறார்கள். மனப்பாடம் தேவையில்லை. பந்து, நடை, கேன் மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் அவற்றில் முக்கால்வாசி தானாகவே எதிரே வந்து நிற்கும்.

பந்து ஓரளவுக்கு வந்ததும் அதற்கு ஒரு வால் ஒட்டுங்கள். அணில் வால், இரட்டைச் சடை, எது வேண்டுமானாலும். பந்து போகும் திசைக்கு எதிராக வால் இழுபட வேண்டும், அடி முதலில் திரும்ப வேண்டும், நுனி கடைசியில். பூக்காரம்மாவின் சரம்தான் இது.

நடை

இப்போது ரிக் வேண்டும். ரிக் என்றால் பொம்மலாட்டப் பொம்மையின் உள்ளே இருக்கும் கட்டையும் மேலே இருக்கும் கயிறும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ரிக் செய்யக் கிளம்பாதீர்கள், அது தனித் தொழில். பிளெண்டர் ஸ்டூடியோ ரெயின், ஸ்னோ என்ற இரண்டு ரிக்குகளை இலவசமாகத் தருகிறது. முதல் நடைக்கு அவைகூட அதிகம். ஒரு பந்தும் இரண்டு காலும் உள்ள எளிய ரிக் போதும். முகமும் கையும் இல்லாததால் கவனம் இடுப்பிலேயே இருக்கும்.

நடப்பது என்பது விழுவதும் சட்டென்று தாங்கிக்கொள்வதும்தான். சாதாரண நடையில் நொடிக்கு இரண்டு காலடி, ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம். போஸ்களை இப்படி வையுங்கள்: 1-இல் முன்கால் குதிகால் தரையைத் தொடுகிறது. 4-இல் உடம்பு அந்தக் காலில் இறங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, இதுதான் இருப்பதிலேயே தாழ்ந்த இடம். 7-இல் ஒரு கால் நேராக நிற்க, மற்றது அதைக் கடக்கிறது. 10-இல் நின்ற கால் உந்துகிறது, உடம்பு உச்சத்தில். 13-இல் மறுகால் தரையைத் தொடுகிறது. பிறகு அதையே கால் மாற்றிச் செய்து, 25-இல் முதல் போஸுக்கே வந்துவிட வேண்டும்.

பலரும் வழுக்குவது 4-ஆம் ஃப்ரேமில். இறங்குவதைக் குறைத்துவிடுவார்கள். அப்போது பொம்மைக்கு எடையே இல்லாமல், சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதுபோல் வழுக்கும். எவ்வளவு இறக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால், முதலில் கேலியாகத் தெரியும் அளவுக்கு இறக்குங்கள், பிறகு பாதியாகக் குறையுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. 1-உம் 25-உம் ஒரே போஸ் என்பதால் 1 முதல் 24 வரை மட்டும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் வரும். நின்ற இடத்திலேயே நடக்கும் பொம்மை என்றால், தரையில் பதிந்த பாதம் சீரான வேகத்தில் பின்னால் போக வேண்டும். அந்தக் கோடு வளைந்தால் பாதம் வழுக்கும். காலுக்கு ஐகே வையுங்கள், பாதத்தை நகர்த்தினால் முழங்கால் தானாக மடங்கும். வீசும் கைக்கு, தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்பும் எஃப்கே நல்லது, வளைவு தானாகக் கிடைக்கும். முழங்கால் படக்கென்று விறைத்து மடங்கினால் இடுப்பை ஒரு மயிரிழை இறக்குங்கள்.

ஒரு நடை முடிந்ததும் அதே பொம்மையை மூன்று விதமாக நடக்கவையுங்கள்: பரீட்சை ஹாலுக்குள் போகிறவன், பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள், வயிறு முட்டச் சாப்பிட்ட தாத்தா. மெஜஸ்டிக் நோட்டு இங்கே கைகொடுக்கும்.

கேன்

இதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கேன் போடும் பையன் ஒரு நாளைக்கு ஐம்பது வீடாவது ஏறுவான். அவனிடம் கேட்டு, அவன் தூக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபிறகுதான் சீனியர் சொன்னது எனக்கு விளங்கியது.

20 லிட்டர் என்றால் 20 கிலோ. அவன் முதலில் கேனைப் பார்க்கிறான். ஒரு காலை அதன் பக்கத்தில் ஊன்றி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துச் சாய்த்து, மறுகையை அடியில் கொடுக்கிறான். உடனே தூக்குவதில்லை. உடம்பு இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. கை விறைக்கிறது, தோள் இழுபடுகிறது, கழுத்து முன்னே நீள்கிறது. கேன் இன்னும் அசையவில்லை! அந்த நாலைந்து ஃப்ரேம்தான் எடை. என் பொம்மை அதைத் தாண்டிக் குதித்திருந்தது.

அப்புறம் கேன் தொடைக்கு வருகிறது, அங்கே ஒரு சின்ன நிறுத்தம். அங்கிருந்து ஒரே வீச்சில், வளைந்த பாதையில் தோளுக்குப் போகிறது. கை மட்டும் அதைத் தூக்குவதில்லை, உடம்பே அதற்கு அடியில் நுழைந்துகொள்கிறது. தோளில் விழுந்ததும் முழங்கால் இரண்டும் மடங்கி முழு உடம்பும் அமிழ்கிறது. இடுப்பு கேன் இருக்கும் பக்கம் நகர, முதுகு மறுபக்கம் சாய்கிறது, சும்மா இருக்கும் கை பக்கவாட்டில் விரிகிறது. உள்ளே தண்ணீர் தளும்புவதால் எல்லாம் அடங்கிய பிறகும் கேன் ஒருமுறை ஆடுகிறது. அதற்கேற்ப அவன் அரை எட்டு எடுத்துவைக்கிறான்.

செய்யும் முறை இது. மேலே சொன்னவற்றைத் தாளில் ஆறேழு குச்சிப் படங்களாக வரையுங்கள். ரிக்கில் அந்தப் போஸ்களை மட்டும் வைத்து, நடுவே ஓட்டமில்லாமல் படம் படமாகத் தாவும்படி வையுங்கள். பிளெண்டரில் இதற்குக் கான்ஸ்டன்ட், மாயாவில் ஸ்டெப்டு. ஒவ்வொரு போஸையும் முழுக் கறுப்பாக்கிப் பாருங்கள், நிழலை மட்டும் பார்த்தே என்ன செய்கிறான் என்று புரிய வேண்டும். ஒவ்வொரு போஸிலும் மனதுக்குள் ஒரு தூக்குநூல் விடுங்கள். உடம்பும் கேனும் சேர்ந்த எடையின் நடு, பாதங்களுக்கு மேலே விழ வேண்டும். வெளியே விழுந்தால் அவன் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

போஸுக்கும் போஸுக்கும் நடுவே, எது முன்னே போகிறது எது பிந்துகிறது என்று காட்டும் இடைப்போஸ்களைச் சேர்த்துக்கொண்டே வந்து, நாலைந்து ஃப்ரேமுக்கு ஒன்று என்று ஆனபிறகுதான் ஸ்பிளைனுக்கு, அதாவது நடுவே உள்ளதைக் கணினியே வழவழப்பாக நிரப்பும் ஓட்டத்துக்கு, மாற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்பே மாற்றினால் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மிதக்கும். இது எல்லாருக்கும் நடக்கும், மனம் உடையாதீர்கள். பின்னோக்கிப் போய் இடைப்போஸ்களைச் சேருங்கள். நிற்க வேண்டிய இடத்தில் அதே போஸைக் காப்பி செய்து நிறுத்துங்கள்.

முடிந்ததும் அதே கேனைக் காலியாகத் தூக்கவைத்து இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் அனிமேஷன் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது. எதில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

வசனம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நீங்கள் வருவதற்குள் ஏழெட்டு மாதமாகிவிடும். வீட்டில் யாரையாவது, அவர்கள் சம்மதத்தோடு, ஐந்து நொடி பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். “ஆமா, இப்பதான் சாப்பிட்டு உக்காந்தேன்” போதும். சினிமா வசனம் வேண்டாம், பார்ப்பவருக்கு அந்த நடிகர்தான் ஞாபகம் வருவார்.

உடம்பை முதலில் முடியுங்கள். வாயைத் தொடாமலேயே அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அப்புறம் தாடை மட்டும். அதற்கும் பிறகு உதடு. எழுத்துக்கு எழுத்து வாய் அசைக்காதீர்கள். ப, ம வரும் இடத்தில் உதடு இரண்டு ஃப்ரேமாவது ஒட்டியிருக்கட்டும், உ, ஓ வந்தால் குவியட்டும், ஈ வந்தால் விரியட்டும். மற்றவை உருண்டோடிப் போகலாம். தலை திரும்புமுன் கண் திரும்பட்டும்.

ஷோரீல்

பெங்களூரில் வேலைக்கு இரண்டு வழி. ஒன்று வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் வேலை செய்து கொடுக்கும் ஸ்டூடியோக்கள், இன்னொன்று கேம் நிறுவனங்கள். முதல் வழி நிலையானது என்று நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது இங்கிருந்த அதன் ஸ்டூடியோவும் மூடிக்கொண்டது, அனுபவசாலிகளே வேலை தேடும்படி ஆயிற்று. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் கேமுக்கும் சேர்த்துத் தயாராகச் சொல்கிறேன். சும்மா நிற்பது, நடை, ஓட்டம், குதிப்பது, அடிப்பது ஆகியவை முடிவும் தொடக்கமும் தெரியாமல் சுற்றும்படி நான்கைந்து. பாரம் தெரிந்தவருக்கு இது புதுப் பாடமில்லை.

வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பு வீடியோதான் ஷோரீல். அது ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அரை நிமிடமே போதும். உங்களுடைய மிகச் சிறந்த வேலை முதலில் வரட்டும், கடைசிக்கு எடுத்துவைக்காதீர்கள், கடைசிவரை யாரும் பார்க்கமாட்டார்கள். சுழன்று வரும் பெயர்ப் பலகை, அதிரும் பாட்டு, ஒளிவெள்ளம் எதுவும் வேண்டாம். சாம்பல் நிறப் பொம்மை போதும், அது நன்றாக நின்றால். சுமாராக இருக்கும் ஒன்றை “சேர்ப்போமா” என்று யோசித்தால், யோசித்ததே பதில், எடுத்துவிடுங்கள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் முதலிலும் கடைசியிலும் இரண்டு நொடி.

வீடியோவை டிரைவில் போட்டு லிங்க் அனுப்புகிறீர்கள் என்றால், அனுப்புமுன் வேறு யாருடைய போனிலாவது திறந்து பாருங்கள். நான் ஒருமுறை பதினோரு இடங்களுக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகு பன்னிரண்டாவதாக அனுப்பிய இடத்திலிருந்து ஒரு பெண்மணி பதில் போட்டார்: “அனுமதி கேட்கிறது, திறந்துவிடுங்கள்.”